சொன்ன சொல் எங்கே போயிற்று?

மகன் இன்னும் பேசவில்லை, நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார், வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறோம் என்று உங்கள் கடிதம் இரண்டு பக்கம் போகிறது; கேட்க வந்தது மட்டும் கடைசி வரியில் இருக்கிறது: "மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது; இது ஆட்டிசமா, டாக்டர்?"

கடிதத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது; நீங்கள் இரவெல்லாம் பார்த்த யூடியூப் காணொளிகளை வைத்தும் சொல்ல முடியாது. நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் பிசகலாம், ஆனால் அதனால் பேச்சே வராமல் போகாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதும் பேச்சைத் தாமதப்படுத்தாது. வசம்பு உரசி நாக்கில் தடவுவதை இன்றே நிறுத்துங்கள்; நீங்களே வாங்கிக் கொடுக்கும் 'மூளை டானிக்'கையும்தான். பேச்சை வரவழைக்கும் மருந்து எதுவும் கிடையாது.

என்னை நிறுத்திய வரி வேறு. "ஒன்றரை வயதில் காக்கா, தாத்தா, பூ என்பான், இரண்டு மாதமாகச் சொல்வதில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 24 மாதத்தில் 'பால் தா', 'அம்மா வா' என்று இரண்டு சொற்களைச் சேர்க்காத குழந்தையையே பரிசோதிக்கச் சொல்வோம். வந்த சொல் மறைவது அதைவிடக் கவலைக்குரியது. எந்த வயதிலானாலும், இருந்த பேச்சு போய்விட்டால், 'மூன்று வயது வரை பார்ப்போம்' என்று பெரியவர்கள் சொல்வதற்கு இடமே இல்லை. இதோடு வலிப்போ, கூப்பிட்டாலும் கலையாமல் சில நொடிகள் வெறித்துப் பார்ப்பதோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முதலில் காது. தட்டைத் தட்டினால் திரும்புகிறான் என்பது சோதனை ஆகாது. தட்டின் ஓசையைக் கேட்கும் குழந்தைக்கு 'ச' போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம், செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினாலும் பேச்சு மங்கலாகவே கேட்கும். காது எந்த அளவு கேட்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கும் ஓஏஇ (OAE), பெரா (BERA) ஆகிய இரண்டு சோதனைகளும் வலியற்றவை. பெராவின்போது குழந்தை தூங்க வேண்டும் என்பதால், முந்தைய இரவு சற்றுத் தாமதமாகத் தூங்க வையுங்கள்.

காது நன்றாக இருந்தாலும் அதோடு நின்றுவிடாமல் வளர்ச்சி மதிப்பீட்டுக்கும் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். காக்கையைக் கண்டால் விரலால் சுட்டிக்காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா என்று அங்கே கேட்பார்கள். கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள். அவன் 'காக்கா' என்று சொன்ன நாளில் எடுத்த வீடியோ கைபேசியில் இருந்தால், அழித்துவிடாமல் அதையும் காட்டுங்கள்.