ஆச்சியைக் கேளுங்க

கேள்வி: ஆச்சி, சௌக்கியமா? போன இதழ்ல மூத்த பேரனுக்குப் பொண்ணு பாக்குறோம்னு எழுதியிருந்தீங்களே, அமைஞ்சுதா?
— வாசகி, புதுக்கோட்டை

பதில்: அமைஞ்சிருச்சுத்தா. தையில கல்யாணம். பொண்ணு தேவகோட்டை, வேலை பெங்களூர்ல, நம்ம பேரனும் அங்கதான். ரெண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிப் பழகிட்டுத்தான் சரின்னு சொன்னாக, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நம்ம நகரத்தார்ல கோயில் வழியில பங்காளியா இருக்குறவுகளுக்குள்ள கட்டிக்க மாட்டோம்; அவுக இளையாத்தங்குடிக் கோயில், நாங்க பிள்ளையார்பட்டி, அதனால கோயில் வகையில தடை ஒண்ணுமில்ல. கல்யாணத்தன்னிக்கு ரெண்டு கோயில்லருந்தும் மாலை வந்து சேரணும், கல்யாணப் பத்திரமான இசைகுடிமானம் எழுதணும், அதுக்கப்புறம் அதுக ரெண்டும் கோயில் கணக்குல தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம், புள்ளி வரி அவன் பேர்ல வரும். நேத்து வரைக்கும் இந்த வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, டவுசர் போட்டுக்கிட்டு ஓடுன புள்ளை.

கல்யாணத்தை மண்டபத்துல வச்சுக்கலாம்னு சின்னவன் சொன்னான், நான் வீட்டுலதான்னு நின்னுட்டேன். வளவுல நாட்டு ஓடு நெறைய நழுவி மழைக்கு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு, பங்காளிக எல்லாரும் சரின்னு சொன்னாத்தான் ஓட்டுல கை வைக்க முடியும், ஒருத்தர் மலேசியா, ஒருத்தர் கோயமுத்தூர், எல்லாரையும் வீடியோ கால்ல உக்கார வச்சு பேசி முடிச்சு பணமும் போட்டாச்சு, இப்ப ஆளு மேல ஏறி வேலை நடக்குது. கோயமுத்தூர்ப் பேத்தி முழுகாம இருக்கா, மசக்கை ஜாஸ்தி, மாங்கா வடு மட்டும்தான் இறங்குதாம், பஸ்ல குடுத்து விட்டிருக்கேன்.

கேள்வி: என் அப்பத்தா பள்ளத்தூர்ல தனியா இருக்காங்க. வாராவாரம் போன் பண்ணுவாங்க. கோட்டையூர்ல யாருக்கோ கல்யாணம், கண்டனூர்ல யாரோ தவறிட்டாங்க, யாரோ பேரனுக்குக் காது குத்துன்னு அரை மணி நேரம் சொல்லுவாங்க. எனக்கு அவங்க யாருன்னே தெரியாது. ம் ம்னு சொல்லிக்கிட்டே லேப்டாப்ல வேலை பாத்துட்டு இருக்கேன். மனசு உறுத்துது. என்ன பேசறது ஆச்சி?
— பேத்தி, சென்னை

பதில்: உறுத்துதுன்னு எழுதுன பாரு, அது போதும் ஆத்தா, உன்கிட்ட நிறையப் பேசலாம்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. உங்க அப்பத்தா பொழுது போகாம பேசல. நம்ம ஊர்ல ஆம்பளைக பர்மா, மலேயா, இலங்கைன்னு கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டித் தொழில் பண்ண, போவாக, போனா மூணு வருஷம் கழிச்சுத்தான் திரும்புவாக. இங்க இருக்குற இம்புட்டுப் பெரிய வீடு, புள்ளைக, மாமியா, நல்லது கெட்டது எல்லாம் பொம்பளைக கையில. கடுதாசி கப்பல்ல வரும். ஒரு வீட்டுக்கு வந்த கடுதாசியில பத்து வீட்டுச் சேதி இருக்கும், பட்டாலையில, அதான் வீட்டுத் திண்ணையில, உக்காந்து ஒருத்தர் வாசிக்க, கேட்ட பொம்பளைக ஆளாளுக்கு அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாக. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப அங்க இருந்தவுக காட்டு வழியா நடந்தே அஸ்ஸாம் பக்கமா வந்தாக, வழியிலயே போனவுக எத்தனையோ பேரு. யாரு வந்து சேந்தாக, யாரு எந்த ஊர்ல காய்ச்சலா கெடக்காக, இதெல்லாம் வீடு வீடா வாய் வழியாத்தான் தெரிஞ்சுச்சுன்னு எங்க ஆத்தா சொல்லி அழுவாக. அந்தப் பொம்பளைக வளத்த புள்ளைகதான் நாங்க. ஒரு சேதி காதுல விழுந்தா அதை உரியவுகளுக்குச் சேக்குற வரைக்கும் எங்களுக்குச் சோறு இறங்காது. உங்க அப்பத்தாவுக்கு நீ உரியவ, அதான் சொல்றாக.

இப்ப என்ன பேசறதுன்னு கேக்குற. ஒரே ஒரு கேள்வி கேளு. "அப்பத்தா, அவுக நமக்கு என்ன வேணும்?" கேட்டுட்டு லேப்டாப்ப மூடிட்டுக் கேளு. கண்டனூர்ல தவறுனவுக உங்க ஐயாவோட அயித்தை மகனா இருக்கும், உங்க அப்பச்சி, அதான் உங்க அப்பா, மெட்ராசுக்குப் படிக்க வந்தப்ப அவுக வீட்டுலதான் தங்கிச் சாப்பிட்டிருப்பாக, அது உனக்குத் தெரியாது, உங்க அப்பத்தாவுக்குத் தெரியும். அது தெரிஞ்ச பெறகு, கேதம் கேக்க உங்க அப்பச்சி ஏன் லீவு போட்டுட்டு ஓடுறாகன்னு உனக்கே புரியும்.

ஒரு நோட்டுப் போட்டுக்க. நம்ம ஆளுக மொய்ப் பணத்துக்கும் சாமானுக்கும் கணக்கு எழுதி வச்ச ஆளுக, உறவுக்கும் எழுது. ஊர், வீட்டு விலாசம், எந்தக் கோயில், யாரு மகன், யாரைக் கட்டுனாக. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப வீட்டுச் சொவத்துல மாட்டியிருக்குற போட்டோ எல்லாத்தையும் போன்ல எடு, ஒவ்வொண்ணையும் காட்டி அப்பத்தாவைப் பேச விட்டு ரெக்கார்டு பண்ணிக்க. பின்னாடி பேரெழுதாத போட்டோவெல்லாம் அவுக போய்ட்டா வெறும் மீசையும் தலைப்பாகையும்தான், யாரும் சொல்ல ஆள் இல்ல.

உன் சேதியும் சொல்லு ஆத்தா, அதை விட்டுறாத. பெரிய சேதி வேணும்னு இல்ல. மத்தியானம் என்ன சாப்ட்ட, ஹவுஸ் ஓனர் என்ன சொன்னாக, மேனேஜர் லீவு குடுத்தாகளா, போதும். அதை அவுக அடுத்த போன்ல கோட்டையூருக்குச் சொல்லுவாக, நீயும் அந்தப் பட்டாலைக்குள்ள வந்துருவ. காது மந்தமா இருந்தா கத்தாத, கத்துனா எங்களுக்கு இரைச்சல்தான் கேக்கும் வார்த்தை பிரியாது, நிறுத்தி நிதானமா உன் முகம் தெரியுற மாதிரி வீடியோல பேசு, உன் வாயப் பாத்தே பாதி புரிஞ்சிக்குவோம். ராத்திரி வேணாம், சாயங்காலம் காப்பி குடிச்ச பெறகு பேசு, அப்பத்தான் தெளிவா இருப்போம்.

இன்னொண்ணு. போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொன்னா அது சந்தோஷத்துல சொல்றது, விட்டுரு. ஆனா சொல்லி அஞ்சு நிமிஷத்துல அதையே புதுசா சொன்னாலோ, இருக்குறவுக பேர மாத்தி மாத்திச் சொன்னாலோ, அடுப்ப அணைக்க மறந்தாலோ, வயசாயிருச்சுன்னு சும்மா இருக்கக் கூடாது, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும். வாராவாரம் காது குடுத்துக் கேக்குற ஆளுக்குத்தான் அந்த மாத்தம் மொதல்ல தெரியும்.

கேள்வி: என் மாமியார் வீட்டு விஷயம் எல்லாத்தையும் போன்ல உறவுக்காரங்ககிட்ட சொல்லிடறாங்க. குழந்தைக்காக நான் ட்ரீட்மெண்ட் எடுக்கறதக் கூட. ஒரு கல்யாணத்துக்குப் போனா நாலு பேர் வந்து விசாரிக்கறாங்க.
— காரைக்குடி

பதில்: படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சும்மா. மேல அந்தப் புள்ளைக்கு அம்புட்டுச் சொன்ன நானே சொல்றேன், இது தப்பு. உடம்புச் சேதி, சம்பளச் சேதி, புள்ளை பொறக்குற சேதி மூணும் யாருக்கு நடக்குதோ அவுகளோட சொத்து. அவுக வாய்தொறந்து சொல்ற வரைக்கும் மாமியாளும் சொல்லக் கூடாது, பெத்த ஆத்தாளும் சொல்லக் கூடாது.

நீ போய்ச் சொல்லாத, சண்டையாயிரும். உன் வீட்டுக்காரரு சொல்லணும், தனியா, அவுக ஆத்தா பக்கத்துல உக்காந்து, "இத வெளிய சொல்றது அவளுக்கு வலிக்குதுத்தா, எனக்கும் வலிக்குது"ன்னு. பெரும்பாலும் அவுகளுக்கு வேண்டிக்கிறவுக நாலு பேரு சேந்தா நல்லதுன்னு நினைப்பு, கெட்ட எண்ணம் இருக்காது. கூடவே அவுக பெருமையா சொல்லிக்கிற மாதிரி ஒரு சேதியை நீயே குடு, பிரமோஷன், புது வண்டி, எதாச்சும். கல்யாணத்துல விசாரிக்கிறவுககிட்ட "உங்க ஆசீர்வாதம் ஆச்சி"ன்னு சொல்லிட்டு நகந்துரு, அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்ல. உனக்கு நல்லது நடக்கட்டும்மா, கொப்புடையம்மன்கிட்ட நான் சொல்றேன்.

கேள்வி: சிங்கப்பூர்ல இருக்கோம். பிள்ளையார் நோன்பு புள்ளைகளோட செய்யணும்னு ஆசை. பெரியவங்க யாரும் கூட இல்ல.
— சிங்கப்பூர்

பதில்: தாராளமா செய்யுங்க. திருக்கார்த்திகையிலருந்து எண்ணி 21-ஆம் நாள் வரும். புது வேட்டியிலருந்து 21 இழை எடுத்துத் திரியாக்கி, பச்சரிசி மாவு, வெல்லம், நெய் போட்டுப் பெசஞ்ச இழைமாவுல வச்சு, ஏத்தி, சுடரோட வாயில போட்டுக்கணும். வீட்டுல மூத்தவரு எடுத்துக் குடுக்கணும், அங்க நீங்கதான் மூத்தவுக. புள்ளைக பயந்தா கட்டாயப்படுத்தாதீக, ரொம்பச் சின்னதுகளுக்குப் பெரியவுகளே எடுத்துக்கலாம். முழுகாம இருக்குற பொண்ணு வயித்துல இருக்குற புள்ளைக்கும் சேத்து ஒரு இழை கூட எடுப்பா, இந்த வருஷம் எங்க கோயமுத்தூர்ப் பேத்தி எடுக்கப் போறா. அங்க டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-ல நம்ம ஆளுக கட்டுனது, அங்க போனா நம்ம ஊர்க்காரவுக கண்ணுல படுவாக, சேந்து எடுத்துக்கங்க. எடுக்குறப்ப ஊருக்கு வீடியோ போட்டு விடுங்க, பெரியவுக அங்கிருந்தே துன்னூறு பூசிவிட்ட மாதிரி இருக்கும்.

கேள்வி: எங்க பாட்டிக்கு "உங்க பேரன் போலீஸ்ல மாட்டிக்கிட்டான், பணம் அனுப்புங்க"ன்னு போன் வந்துச்சு. நல்லவேளை பக்கத்து வீட்டுக்காரர் தடுத்துட்டார்.
— சிவகங்கை

பதில்: எனக்கும் வந்துச்சு. வச்சுட்டு நேரா பேரனுக்கே போன் போட்டேன், அவன் ஆபீஸ் கேன்டீன்ல தோசை சாப்ட்டுக்கிட்டு இருக்கான். பெரியவுக எல்லாருக்கும் சொல்றேன், போன்ல அரெஸ்ட் பண்றதுன்னு நம்ம நாட்டுச் சட்டத்துல ஒண்ணும் கெடையாது. ஓடிபி யாருக்கும் சொல்லாதீக. பணம் போயிருச்சுன்னா வெக்கப்பட்டு மறைக்காதீக, உடனே 1930-க்கு அடிங்க, எம்புட்டு வெள்ளன சொல்றீகளோ அம்புட்டுக்கு மீட்க வழி இருக்கு. தனியா இருக்குறவுகளுக்கு வேற உதவி வேணும்னா 14567 இருக்கு, முதியோருக்குன்னே அரசாங்கம் வச்சது. ரெண்டையும் பெரிய எழுத்துல எழுதிப் போன் பக்கத்துல ஒட்டி வைங்க, பேரன் பேத்தி நம்பரையும் சேத்து.

கேள்வி: வெள்ளைப் பணியாரம் எனக்கு மட்டும் கல்லு மாதிரி வருது, அளவு சொல்லுங்க ஆச்சி.
— திருச்சி

பதில்: டம்ளர்ல பச்சரிசியத் தலை தட்டி எடுத்துட்டு, அதே டம்ளர்ல அரிசி மேலயே உளுந்தக் கோபுரமா வைக்கணும், அம்புட்டுத்தான் உளுந்து. ரெண்டையும் ஒண்ணாவே ஊற வச்சு, நைசா வெண்ணெய் கணக்கா ஆட்டிக்க, கொஞ்சம் பால், உப்பு, ஒரு சிட்டிகை சீனி. மாவு புளிக்கக் கூடாது, ஆட்டுன உடனே ஊத்திரணும். எண்ணெய் நல்லாக் காஞ்ச பெறகு அடுப்ப மட்டாக்கி ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு, கரண்டியில மொண்டு நடுவுல ஊத்து, தானா எழும்பி வரும், திருப்பிப் போட்டு செவக்க விடாம எடுத்துரு. கல்லா வருதுன்னா உளுந்து கொறையுது, இல்லாட்டி மாவு கெட்டி. தேங்காச் சட்னி இதுக்கு வேணாம், வரமிளகாத் தொவையல் காரசாரமா அரைச்சு வை.