நிழல் காட்டிக் கொடுத்த சாரிசார்ட்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்பவர், தன் சின்ன வயதுப் போகிமான் கார்டு என்று ஒரு சாரிசார்டை (டிராகன் மாதிரி இருக்கும் போகிமான் பாத்திரம்) 4,000 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். 1999-இல் வந்த ஆங்கில பேஸ் செட் (முதல் தொகுப்பு), முதல் அச்சு என்று காட்டும் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ முத்திரையும் இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கார்டு அசல் மாதிரிதான் தெரிகிறது, முத்திரைதான் பொய். ஓவியத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் வலது ஓரத்தில் கனமாக ஒரு நிழல் விழுகிறது பாருங்கள், அது பிற்பாடு அச்சான ‘அன்லிமிடெட்’ கார்டுகளில் வருவது. விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் முத்திரையோடு வெளியிட்ட சாரிசார்டில் அந்த நிழலே கிடையாது. யாரோ சாதாரணக் கார்டை எடுத்து, ஓவியத்துக்குக் கீழே இடது பக்கம் கறுப்பாக ஒன்றைக் குத்திவிட்டார்கள். உங்கள் நண்பர் செய்தார் என்று சொல்ல வரவில்லை, அவரும் எங்காவது ஏமாந்திருக்கலாம்.

அடியில் பொடி எழுத்தில் இருக்கும் காப்புரிமை வரியையும் படியுங்கள். நிழலில்லாத அச்சில் நிண்டெண்டோ பெயருக்கு முன்னால் 1995, 96, 98, 99 என்று நான்கு ஆண்டுகள் இருக்கும். உங்களுடையது 98-ஓடு நின்றுவிடுகிறது. (விசர்ட்ஸ் பெயருக்கு முன் வரும் 1999 வேறு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) இதே தொகுப்பில் மச்சாம்ப் என்ற போகிமானின் கார்டு மட்டும் விதிவிலக்கு. அதில் நிழலும் முத்திரையும் சேர்ந்தே வருவது சகஜம், அதனால் அதை வைத்துக்கொண்டு கோடீஸ்வரன் ஆகிவிட்டதாக யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கார்டே போலியோ என்ற சந்தேகம் இருந்தால் நகைக்கடையில் கல் பார்க்கிற லென்ஸ் ஒன்று போதும். அசலில் கறுப்பு எழுத்துகள் திடமான மையாகத் தெரியும், ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடையும். ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், அட்டையின் நடுவே முடி போல ஒரு கருங்கோடு ஓட வேண்டும். டார்ச் அடித்துப் பார்ப்பதென்றால் அதே காலத்து மலிவான அசல் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட ஆளில்லாமல் வெளிச்சத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கிழித்துப் பார்க்கச் சொல்கிற வீடியோக்களை நம்பி நல்ல கார்டைக் கிழித்துத் தொலைக்காதீர்கள்!

கேள்வி: கார்டுகளைச் சோதித்துத் தரம் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் பெட்டிக்குள் சீல் வைத்து, எண்ணும் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்தானே?

பதில்: கண்ணைத் திறந்தே வாங்குங்கள். அமெரிக்க யூடியூபர் லோகன் பால், உள்ளே ஃபர்ஸ்ட் எடிஷன் போகிமான் கார்டுப் பெட்டிகள் இருக்கின்றன என்று நிபுணர்கள் பார்த்துச் சொன்ன ஒரு சீல் வைத்த கேஸை 35 லட்சம் டாலருக்கு வாங்கி, 2022 ஜனவரியில் பிரித்தால் உள்ளே இருந்தவை போகிமானே அல்ல, ஜி.ஐ.ஜோ என்ற வேறு பொம்மை வரிசையின் கார்டுகள். பிஎஸ்ஏ விஷயத்தில், அந்த எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஆனால் அசல் எண்ணையே நகலெடுத்துப் போலிப் பெட்டியில் ஒட்டுகிறவர்களும் உண்டு, அதனால் தளத்தில் கார்டின் படம் இருந்தால் ஓவியம் எவ்வளவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஹோலோவில் (மின்னும் படப் பகுதியில்) கீறல் எங்கே என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். விற்பவர் உடனே ஒரு தெளிவான படம் எடுத்து அனுப்பத் தயங்கினால், அப்புறம் பேரம் பேசவே வேண்டாம்.