பால் சங்கம் யாருடையது? ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் பதில் சொல்கிறார்

முப்பது வருடத்துக்கு மேல் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பார்த்தவன் நான். பெரும்பாலும் பால் சங்கங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். நகைக்கடன் தள்ளுபடி என் துறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (எம்.பி.ஏ. மாணவர், கோவை): தொழிலோடு சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பையும் அனுசரித்துப் போகக் கூட்டுறவு நல்ல வழி என்று பாடத்தில் படித்தோம். நடைமுறையில் அப்படித்தானா சார்?

பாதி சரி. ஒரு பால் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். கறப்பவருக்கு விலை கூட வேண்டும், குடிப்பவருக்குக் குறைய வேண்டும், ஊழியருக்குச் சம்பளம் ஏற வேண்டும். இந்தச் சண்டை கூட்டுறவிலும் தீராது. இதில் ஒரு தரப்பை முதலாளி நாற்காலியில் உட்காரவைப்பது மட்டும்தான் கூட்டுறவு செய்யும் வேலை. யாரை உட்காரவைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் கடை தொடங்கியபோது பொருள் வாங்குகிறவரே முதலாளி. நம் திருவல்லிக்கேணி பண்டகசாலை (1904) அந்த வழி. 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால்சன் என்ற தனியார் கம்பெனிக்குப் பால் ஊற்ற மாட்டோம் என்று விவசாயிகள் நின்றார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கிராமப் பால் சங்கங்கள் சேர்ந்த ஒன்றியம் பதிவானது, அதுதான் பின்னாளில் அமுல். அங்கே கறப்பவர் முதலாளி. ஸ்பெயினின் மோந்த்ராகோனில் 1956இல் தொடங்கியது தொழிலாளரே முதலாளியான அமைப்பு. அதே குழுமத்தின் எரோஸ்கி கடைகளில் வாடிக்கையாளருக்குப் பாதி, ஊழியருக்குப் பாதி என்று ஆட்சிக்குழுவில் இடம் உண்டு. உங்கள் பாடத்துக்கு அதுதான் நல்ல உதாரணம். ஆனால் அந்தக் குழுமத்திலேயே ஃபாகோர் என்ற வீட்டுச்சாதன நிறுவனம் 2013இல் திவாலானது. இனிமேல் பணம் தர முடியாது என்று கைவிரித்தவை கூடப்பிறந்த கூட்டுறவுகள்தான். வேலை இழந்தவர்களில் பலரை எடுத்துக்கொண்டவையும் அவைதான். இரண்டையும் சேர்த்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

நம் ஊரில் நாற்காலி யாருக்கு? ஏட்டில் கறப்பவருக்கு. 2021 மே மாதம் ஆவின் பால் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. குடிப்பவருக்குச் சந்தோஷம், ஆனால் அதை எந்தச் சங்கத்துப் பொதுப்பேரவையும் தீர்மானிக்கவில்லை, அரசு அறிவித்தது. கொள்முதல் விலையோ 2019 ஆகஸ்டுக்குப் பிறகு 2022 நவம்பரில்தான் ஏறியது, பசும்பால் 32இலிருந்து 35 ரூபாய்க்கு. இடையில் தீவனம் என்ன விலை விற்றது என்று மாடு வைத்திருப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): ஐந்து சவரன் நகைக்கடன் தள்ளுபடியில் என் பெயர் இல்லை...

உங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். இது பால்.

கேள்வி (ஈரோடு பக்கம்): எங்கள் சங்கத்தில் ‘டிகிரி’ (பாலின் அடர்த்தி அளவு) குறைவு என்றே எழுதுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) எழுதிய சீட்டை அன்றன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பதினைந்து நாள் கழித்துப் பட்டுவாடாவின்போது சண்டை போட்டுப் பயனில்லை, ஊற்றிய பால் அதற்குள் தயிராகிக் கரைந்திருக்கும்.

அப்புறம், என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன்: மாதிரிப் பால் கணக்கைப் பாருங்கள். பரிசோதனைக்கு ஆளுக்கு 50 மில்லி எடுத்தால் நூறு பேர் ஊற்றும் சங்கத்தில் வேளைக்கு 5 லிட்டர். மாதத்துக்கு 300 லிட்டர். சோதித்தது போக மிஞ்சிய பாலை விற்ற பணம் சங்க வரவில் வர வேண்டும். நான் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் அந்தத் தலைப்பே பேரேட்டில் இல்லை. “சார், அது டீக்குப் போயிடும்” என்றார்கள். வேளைக்கு ஐந்து லிட்டர் பாலில் டீ!

கேள்வி (கிருஷ்ணகிரி): அமுலும் கூட்டுறவுதானே? இங்கே வந்து வாங்கினால் என்ன தப்பு?

வரும் என்று எதிர்பார்த்த கேள்விதான். 2023 மே மாதம் அப்போதைய தமிழக முதல்வர் ஸ்டாலின் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதியது இதைப் பற்றித்தான். ஒரு கூட்டுறவின் பால் வட்டாரத்தில் இன்னொன்று நுழைவதில்லை என்பது வெண்மைப் புரட்சிக் காலத்திலிருந்து இருந்த வழக்கம்.

அதே நபர்: வழக்கத்தை வைத்துத் தீவனம் வாங்க முடியுமா சார்? கூட ஒரு ரூபாய் கொடுத்தால் ஊற்றத்தான் செய்வோம்.

இன்னொருவர் (ஓய்வுபெற்ற ஆவின் பால் ஒன்றிய ஊழியர்): மழைக்காலத்தில் பால் பெருகும்போது வேண்டாம் என்பார்கள். அப்போது ஆவினிடம்தானே ஓடி வருவீர்கள்?

கிருஷ்ணகிரிக்காரர்: ஆவினும் திருப்பி அனுப்பியிருக்கிறது அண்ணா, மறந்துவிட்டீர்களா?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். விற்பது உங்கள் உரிமை, அதில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: குஜராத்தில் ஊற்றுபவர் அமுலின் கிராமச் சங்க உறுப்பினர், லாபம் வந்தால் பங்கு, தலைவர் சரியில்லை என்றால் ஓட்டு. உங்கள் ஊரில் சுய உதவிக் குழு வழியாக ஊற்றுபவருக்கு அமுலின் தலைமையிடமான ஆனந்தில் ஓட்டு இருக்கிறதா? இல்லாவிட்டால் உங்களுக்கு அது நல்ல விலை தரும் ஒரு வியாபாரி, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றிய நண்பருக்கும் ஒரு கேள்வி. தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் ஒரு சங்கம் கிடந்தால், அங்கே ஊற்றுபவருக்கு மட்டும் என்ன ஓட்டு இருக்கிறது? வட்டாரம் எங்களுடையது என்று எல்லாருமே சொல்கிறார்கள். கர்நாடகக் கூட்டுறவின் நந்தினி கேரளாவில் கடை திறந்தபோது கேரளக் கூட்டுறவான மில்மாவும் இதையே சொன்னது. பெங்களூருவில் அமுலை எதிர்த்து நந்தினிக்காகக் குரல் எழுந்ததும் அதே 2023இல்தான்.

ஒன்றிய ஊழியர்: தனி அலுவலர் இருந்த காலத்தில்தான் சில சங்கங்கள் பிழைத்தன.

உண்மை. சிலவற்றின் கணக்கை நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியைத் தினசரி சாப்பாடு ஆக்க முடியாது.

கேள்வி (பழனி): நகைக்கடன்...

மேலே பார்க்கவும்.

கேள்வி (நாமக்கல்): செயலாளர் பணம் கையாடியது தெரிகிறது. எந்தப் பிரிவு?

1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் விசாரணைக்குப் பிரிவு 81, இழப்பைத் திரும்பப் பெற 87. கையில் நகல் ஆதாரத்தோடு எழுதுங்கள். மாதிரிப் பாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருவண்ணாமலை): இரண்டு மாடும் நான்தான் பார்க்கிறேன், பாலும் நான்தான் ஊற்றுகிறேன். உறுப்பினர் அட்டை வீட்டுக்காரர் பெயரில். கூட்டத்துக்கு அவர்தான் போகிறார், வந்து ஒன்றும் சொல்வதில்லை. என்ன செய்யலாம்?

அம்மா, இன்றைக்கு வந்ததில் இதுதான் கேள்வி. ஓட்டு மாட்டுக்கு நெருக்கமானவர் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்படுத்திய அமைப்பு இது. சாணி அள்ளாதவர் கையில் அட்டை இருந்தால் டிகிரி குறைந்த கதை கூட்டத்தில் எப்படிப் பேசப்படும்? உங்கள் பெயரில் உறுப்பினர் விண்ணப்பம் கொடுங்கள், பங்குத்தொகை கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். துணைவிதியில் தகுதி என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பால் உங்கள் பெயரில் பதிவாவது முக்கியம்.

அவரே மறுபடியும்: செயலாளரிடம் இப்போதே கேட்டேன். படிவம் தீர்ந்துவிட்டதாம்.

வெள்ளைத்தாளில் எழுதுங்கள். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றில் தேதியோடு கையெழுத்து கேளுங்கள். போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு தபாலில் சங்கத்துக்கும், துணைப் பதிவாளர் (பால்வளம்) அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். படிவம் மறுநாளே கிடைத்துவிடும்.