முன்னாடி யார் நடக்கறது?

(கடிதத்த கொஞ்சம் சுருக்கியிருக்கேன். பேர் போட வேண்டாம்னு கேட்டிருந்தார்.)

அன்புள்ள அக்கா,

நீங்களும் உங்க வீட்டுக்காரரும் மலைக்குப் போறத பத்தி எழுதறத ரொம்ப நாளா படிக்கிறேன். நானும் என் மனைவியும் கல்யாணமாகி நாலு வருஷமா ஒண்ணாதான் போறோம், நடை, டென்ட் போட்டு தங்கறது, போன குளிர்காலத்துல ஸ்கீயிங்கும் ஆரம்பிச்சோம். பிரச்சனை என்னன்னா அவளால என் வேகத்துக்கு வர முடியல. நான் முன்னாடி போய் நின்னு காத்துக்கிட்டே இருப்பேன். போன ட்ரிப்ல 4000 மீட்டருக்கு மேல ஒரு கணவாய், உச்சிக்கு இன்னும் 200 மீட்டர்தான், அங்க வந்து தலைவலி தாங்கல திரும்பிடலாம்னா. கேட்டா முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே வலிச்சுதாம், சொல்லவே இல்ல. திரும்பிட்டோம், ஆனா ரெண்டு நாள் சரியா பேசிக்கல. அவ ஸ்டாமினாவ ஏத்தறதுக்கு ஒரு ட்ரெயினிங் பிளான் சொல்லுங்க. ஸ்கீயிங் நானே சொல்லிக்குடுக்கலாமா? இல்ல பேசாம தனித்தனியா போயிடறது நல்லதா?

அன்புள்ள தம்பி,

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உச்சி கண்ணுக்கு தெரியற தூரத்துல இருந்து திரும்பி வந்தீங்க பாருங்க, அது சுலபமில்ல, மனசார பாராட்டறேன். வந்த அப்புறம் பேசாம இருந்தது பத்தி பின்னாடி வர்றேன்.

அந்த தலைவலிக்கும் ஸ்டாமினாவுக்கும் சம்பந்தமே இல்ல. உயரத்துல வர்ற நோய் நீங்க தினம் 10 கிலோமீட்டர் ஓடற ஆளா இல்லையான்னு பாக்காது, சொல்லப்போனா உடம்பு ஃபிட்டா இருக்கறவங்கதான் கால் போற வேகத்துல ஏறிட்டு ராத்திரி படுக்கறப்ப மாட்டிக்கறாங்க. 3000 மீட்டருக்கு மேல போனா தூங்கற இடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஏறாம அதே உயரத்துல ஒரு ராத்திரி தங்கணும், இதுதான் கணக்கு. நீங்க எத்தன நாள்ல 4000 ஏறினீங்கன்னு கடிதத்துல எழுதல, மொதல்ல அத எண்ணிப்பாருங்க. தலைவலியோட குமட்டல், தூக்கமில்லாம, கை கால் சோர்வு வந்தா அங்கயே நிக்கணும், வலி தீர்ற வரைக்கும் மேல ஏறக்கூடாது. நேர்க்கோட்டுல ஒரு கால் விரல் நுனிய ஒட்டி அடுத்த கால் குதிகால வெச்சு நடக்கச் சொன்னா தள்ளாடறாங்க, பேச்சு குழறுது, இல்ல சும்மா உக்காந்திருக்கறப்பவே மூச்சு இரைக்குதுன்னா அது மூளையிலயோ நுரையீரல்லயோ நீர் கோத்துக்கறதோட அறிகுறி, ராத்திரின்னு பாக்காம உடனே கீழ இறக்கணும். அதுக்கு எறங்கறதுதான் முதல் மருந்து.

சரி, முந்தின நாள் சாயங்காலமே வலிச்சுதுன்னா ஏன் சொல்லல? நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்னு நினைக்கிறேன். உங்க மனைவி மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு தெரியாது, ஆனா நான் ஆறு வருஷம் என் வீட்டுக்காரருக்கு பின்னாடி நடந்தவ, அத சொல்றேன்.

இவர் நல்ல மனுஷன், எனக்காக நிப்பார், ஒரு தடவை கூட முகம் சுளிச்சதில்ல. ஆனா எப்படின்னா, வளைவுல இவரோட பேக் மறையும், அப்புறம் கால்மணி நேரம் நான் மட்டும் என் மூச்சு சத்தத்தோட ஏறிட்டு இருப்பேன், ஒரு பாறை மேல இவர் உக்காந்திருக்கறது தெரியும், பக்கத்துல வர்றப்ப தண்ணி பாட்டில மூடிட்டிருப்பார், நான் வந்து நடைக்குச்சிய ஊனி நிக்கறதுக்கும் இவர் எந்திரிச்சு பேக் பெல்ட்ட டிக்குன்னு மாட்டறதுக்கும் சரியா இருக்கும். அந்த டிக் சத்தம் இன்னும் காதுல இருக்கு. இவர் பத்து நிமிஷம் ஓய்வெடுத்தாச்சு, நான் ஒரு நிமிஷம் கூட எடுக்கல, "போலாமா"ன்னு கேப்பார், நான் போலாம்பேன். ஒரு நாளைக்கு எட்டு தடவை இப்படின்னா இவருக்கு எட்டு ஓய்வு, எனக்கு ஒண்ணுமில்ல. ஏற்கனவே காக்க வெச்சிட்டோமேன்னு ஒரு குற்ற உணர்ச்சி வேற. அந்த நிலைமையில தலை வலிக்குதுன்னு யார் தம்பி சொல்வாங்க?

அப்புறம் ஒரு தடவை இவருக்கு முட்டி பிடிச்சுகிச்சு, அதனால நான் முன்னாடி நடந்தேன், அன்னிக்குதான் எல்லாம் மாறிச்சு. என் வேகத்துல ஏறினோம், பேசிக்கிட்டே ஏறினோம், சாயங்காலம் எப்பவும் வர்ற நேரத்துக்குதான் டென்ட் போடற இடத்துக்கு வந்து சேந்தோம், ஏன்னா யாரும் நின்னு காத்திருக்கல. இவரும் வேர்த்து ஓடி வந்து அந்த ஈரத்தோட காத்துல நின்னு நடுங்கல. அதுல இருந்து நான்தான் முன்னாடி. டென்ட், அடுப்பு, கயிறுன்னு கனமானதெல்லாம் இவர் பேக்குக்கு போச்சு. நீங்க கேட்ட ட்ரெயினிங் பிளான் இதுதான், அவங்கள முன்னாடி விடுங்க, பொது சாமான எடைய நீங்க எடுத்துக்கோங்க, வலு ஏத்தறதெல்லாம் அப்புறம் தன்னால வரும்.

நேரக் கணக்கும் அவங்க நடைய வெச்சு போடுங்க. 1892ல வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்னிக்கும் ஓடுது, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏத்தம்னா கிட்டத்தட்ட 4 மணி நேரம், ஓய்வு தனி. அது நல்லா நடக்கறவங்களுக்கு, நாங்க அதோட பாதிய சேத்து 6 மணி நேரம்னு வெச்சுப்போம். எத்தன மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பறதுன்னு முந்தின ராத்திரியே டென்ட்ல பேசி முடிச்சிடுங்க, மேல நின்னுகிட்டு அத பேசினா ஆசைதான் ஜெயிக்கும்.

டென்ட்னதும் ஒரு சின்ன விஷயம், நிறைய ஆம்பளைங்க கவனிக்கறதில்ல. ஸ்லீப்பிங் பேக் லேபிள்ல கம்ஃபர்ட்னு ஒரு டெம்பரேச்சர், லிமிட்னு ஒரு டெம்பரேச்சர் போட்டிருக்கும். அதுக்கு இருக்கற ஐஎஸ்ஓங்கற சர்வதேச தரத்துல கம்ஃபர்ட் நம்பர் பொம்பளைங்க உடம்ப வெச்சு கணக்கு பண்ணது, லிமிட் ஆம்பளைங்க உடம்புக்கு. நீங்க லிமிட்ட பாத்து ஒரே மாதிரி ரெண்டு வாங்கியிருந்தா உங்களுக்கு தூக்கம் வரும், அவங்க ராத்திரி பூரா முழிச்சு கிடப்பாங்க, காலைல மெதுவா நடக்கறாங்கம்பீங்க. கீழ போடற மேட்டையும் பாருங்க, குளிரு தரையில இருந்துதான் அதிகம் ஏறும், ஆர் வேல்யூ (குளிர எவ்வளவு தடுக்கும்ங்கற நம்பர்) கூடுதலா இருக்கற மேட் அவங்களுக்கு. குளிருதுன்னு மூடின டென்டுக்குள்ள மட்டும் அடுப்ப பத்த வெச்சிடாதீங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடு உயிர எடுக்கற விஷவாயு, அதுக்கு வாசனையே கிடையாது.

ஸ்கீயிங் நீங்க சொல்லிக்குடுக்காதீங்க. உங்களுக்கு கொஞ்சம் வந்திருச்சு, எப்படி வந்துச்சுன்னு மறந்திருப்பீங்க, சரிவுல நின்னு "முட்டிய மடக்கு, முன்னாடி சாய், ஏன் பயப்படற"ன்னு கத்துவீங்க, அது அவங்களுக்கு திட்டாதான் விழும். பயந்த உடம்பு பின்னாடி சாயும், பின்னாடி சாஞ்சா ஸ்கீ கட்டுப்பாட்டுல நிக்காது, விழுவாங்க. கிளாஸ்ல விடுங்க. அங்க விழறவங்க எல்லாரும் புதுசு, யாரும் யாருக்காகவும் காத்திருக்கல. பைண்டிங்க, அதான் பூட்ட ஸ்கீயோட பிடிச்சு வெக்கற பூட்டு, அத நீங்களா திருகி வெக்காதீங்க, எடை, உயரம், வயசு, பூட் அடி நீளம், எவ்வளவு பழக்கம்னு பாத்து அது தெரிஞ்சவங்க வெக்கணும், இறுக்கமா இருந்து விழறப்ப கழலலேன்னா முட்டி போயிடும்.

இத எழுதறதுக்கு காரணம் இன்னொண்ணு இருக்கு. நீங்க நாளைக்கு ட்ராக்க விட்டு வெளிய, யாரும் போகாத பனியில போகணும்னு ஆசைப்படுவீங்க, எல்லாரும் படறதுதான். பனிச்சரிவு அதிகமா உடையறது 30ல இருந்து 45 டிகிரி சாய்வுல, நல்லா ஸ்கீ பண்ண ஆசைப்படற சாய்வும் அதேதான். அங்க ஒருத்தர் புதைஞ்சா முதல் பத்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள வெளிய எடுக்கணும், அதுக்கப்புறம் பிழைக்கற வாய்ப்பு மடமடன்னு இறங்கிடும், ரெஸ்க்யூ டீம் பெரும்பாலும் அதுக்குள்ள வந்து சேராது. ரெண்டே பேர் போறீங்க. நீங்க உள்ள போயிட்டா ட்ரான்ஸீவர்ல (புதைஞ்சவங்கள கண்டுபிடிக்க ஒவ்வொருத்தரும் உடம்புல கட்டிக்கற சிக்னல் கருவி) சிக்னல் தேடி, குச்சியால குத்திப்பாத்து, மண்வெட்டியால பனிய வெட்டி உங்கள எடுக்கப்போறது அவங்க ஒருத்தர்தான் தம்பி. அதனால அந்த மூணு சாமானும் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கணும், அவங்க உங்கள விட நல்லா பழகியிருக்கணும், சந்தேகமான சரிவ ஒருத்தர் ஒருத்தரா கடக்கணும்.

இயன் மக்கேமன்னு ஒருத்தர் அமெரிக்காவுல நடந்த 700க்கும் மேல பனிச்சரிவு விபத்துகள ஆராய்ஞ்சார், மனசு எங்கெங்க ஏமாறுதுன்னு ஒரு பட்டியல் போட்டார். அதுல ஒண்ணு, கூட்டத்துல தெரிஞ்ச ஆள்னு ஒருத்தர நினைச்சுட்டா மத்தவங்க தனக்கு பட்டத சொல்லாம அவர் பின்னாடியே போயிடறது. புருஷன் பொண்டாட்டிக்குள்ள அது எவ்வளவு சுலபமா நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சொல்லாத தலைவலியும் அதே ஜாதிதான்.

எங்க வீட்டு விதி இதுதான், ரெண்டு பேர்ல யார் திரும்பலாம்னாலும் திரும்பறது, காரணம் கேக்கறதில்ல, கீழ வந்து மூஞ்ச தூக்கி வெச்சுக்கறதில்ல. கடைசி பாதி கஷ்டம்னு எனக்கு தெரியும். ஆனா நீங்க ரெண்டு நாள் பேசலேன்னா அடுத்த தடவை அவங்க இன்னும் 100 மீட்டர் கூட ஏறினப்புறம்தான் சொல்வாங்க.

தனித்தனியா போறத பத்தி கேட்டீங்க. இத்தாலியில நிவெஸ் மெரோய், ரொமானோ பெனெட்னு மலையேறற ஒரு தம்பதி. உலகத்துல 8000 மீட்டருக்கு மேல இருக்கற 14 சிகரத்தையும் ஏறற முதல் பொம்பளையா நிவெஸ் வரலாம்னு இருந்த நேரம், 2009ல கஞ்சன்ஜங்காவுல மேல போயிட்டிருக்கறப்ப ரொமானோவுக்கு முடியல, அவங்க அவரோட திரும்பிட்டாங்க. அவருக்கு ரத்தம் ஊறற மஜ்ஜையில நோய், ரெண்டு தடவை மஜ்ஜை மாத்த வேண்டியிருந்துச்சு. அந்த முதல் இடம் போச்சு. 2014ல ரெண்டு பேருமா அதே கஞ்சன்ஜங்காவ ஏறினாங்க, 2017ல அன்னபூர்ணாவோட 14ம் முடிஞ்சது, ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாம, ஜோடியா. அப்போ புருஷன் பொண்டாட்டியா இருந்த இன்னொரு மலையேறற ஜோடி கெர்லிண்ட கால்டன்ப்ருன்னர், ரால்ஃப் டுய்மோவிட்ஸ். 2011ல கே2 சிகரத்தோட வடக்குப் பக்கம் பனிச்சரிவு பயம் இருக்குன்னு ரால்ஃப் திரும்பிட்டார், கெர்லிண்ட டீம் ஆளுங்களோட மேல போய் ஆகஸ்ட் 23 அன்னிக்கு உச்சிய தொட்டாங்க. ரெண்டையும் நான் தப்புன்னு சொல்லமாட்டேன். தனியா போறதுல தப்பில்ல, ஆனா அது கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் சந்தோஷமா பேசி வெச்சதா இருக்கணும், முடியாம நிக்கறவங்கள தனியா கீழ அனுப்பிட்டு நாம மேல போறதா இருக்கக்கூடாது. கோபத்துல எடுக்கற முடிவாவும் வேண்டாம்.

இப்போதைக்கு ரெண்டே வேலை. அந்த சாயங்காலம் டென்ட்ல என்ன நினைச்சேன்னு அவங்கள கேளுங்க, கேட்டுட்டு நடுவுல பேசாதீங்க. அப்புறம் உயரம் இல்லாத ஒரு சின்ன மலைய பாத்து, அவங்கள முன்னாடி விட்டு ஒரு நாள் நடந்துட்டு வாங்க. எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, இந்த தடவை அவங்களே எழுதினா எனக்கு இன்னும் சந்தோஷம்.

அன்புடன்,
அக்கா