ஜான் காண்டன் நிஜமாவே 14 வயசுலயா போர்ல இறந்தான்?

கல்லறையில 14னு இருக்கே, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சவரை அந்த வயசு தப்பு.

ஜான் அயர்லாந்துல வாட்டர்ஃபோர்ட் ஊர்ப் பையன், சாதாரண தொழிலாளிக் குடும்பம், முதல் உலகப் போர்ல ராயல் ஐரிஷ் ரெஜிமெண்ட்ங்கிற படையில சேர்ந்து 1915 மே 24 அன்னைக்கு பெல்ஜியத்துல ஈப்ர் பக்கத்துல ஜெர்மன்காரங்க விஷவாயு விட்டப்போ இறந்துட்டான். உடம்பு அப்போ கிடைக்கவே இல்ல. பல வருஷம் கழிச்சு மண்ணைத் தோண்டினப்போ ஒரு பூட்ஸோட தோல் துண்டு, அதுல 6322ங்கிற நம்பர், கூடவே படைப் பேரோட சுருக்கமா R.I.R.னு எழுத்து, 6322 ஜானோட ராணுவ நம்பர், அதை வச்சுத்தான் இது அவன்தான்னு முடிவு பண்ணி அங்கேயே பெல்ஜியத்துல போல்கபெல் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணாங்க. பெத்தவங்களுக்கு மிஞ்சினது அந்தத் தோல் துண்டு சொன்ன சேதிதான், நினைச்சாலே மனசு கனக்குது.

ஆனா பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தப்போ அவன் 1896ல பிறந்தவன், அப்போ இறக்கும்போது 18 வயசு. அந்த பூட்ஸே வேற ஒரு சிப்பாயோடதா இருக்கலாம்னும் சொல்றாங்க, ஏன்னா ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸ்னு இன்னொரு படைக்கும் அதே R.I.R.தான் சுருக்கம். அப்படின்னா அந்தக் குழில தூங்குறது வேற ஒரு அம்மாவோட பிள்ளை.

கல்லுல இன்னமும் 14தான் இருக்கு, ஜனங்க இன்னமும் தேடிப் போய் பாக்குறாங்க. 18ன்னாலும் சின்னப் பையன்தாங்க.