4 ஓம் ஸ்பீக்கருக்கு டி.பி.ஏ.3255 போதுமா, என்கோர் வேண்டுமா?

வணக்கம். டி.பி.ஏ.3255 சிப் கொண்ட ஆம்ப்ளிஃபயர் உங்கள் 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போதுமா, மூன்று மடங்கு விலையுள்ள, ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர் ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சிப்புக்குச் சொல்லப்படும் 315 வாட், 4 ஓமில் 10 சதவீத ஒலிச்சிதைவோடு அளந்தது. அதோடு, நீங்கள் குறிப்பிட்ட அடாப்டர் 32 வோல்ட், 5 ஆம்பியர் என்பதால், இரண்டு சேனலுக்கும் சேர்த்தே தொடர்ச்சியாக 160 வாட்டுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். (நடுத்தர அறைக்கு அதுவே தாராளம், வாட் இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் கூடும்.)

நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று: என்கோர் வெளியீட்டு ஃபில்டருக்குப் (ஸ்பீக்கருக்குப் போகும் முன் தேவையற்ற அதிவேகத் துடிப்புகளை வடிகட்டும் பகுதி) பின்னாலிருந்து ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துவது) எடுப்பதால், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் மின்தடை) ஏறி இறங்கினாலும் உச்ச ஸ்தாயி மாறுவதில்லை, ஃபில்டருக்கு முன்பே ஃபீட்பேக்கை முடித்துக்கொள்ளும் மலிவான ஆம்ப்ளிஃபயரிலோ, சிம்பல் ஓசை ஒரு ஸ்பீக்கரில் தூக்கலாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் கேட்கும். ஆகவே, ஃபில்டருக்குப் பிந்தைய ஃபீட்பேக் உள்ள டி.பி.ஏ.3255 மாடலை வாங்குங்கள், கூடுதல் வாட் வேண்டுமானால் 48 வோல்ட் அடாப்டருடன்.