வீட்டில் செய்யும் காற்றழுத்த ஏவிக்கு எந்த வால்வு, எந்த விசை பொருத்தமானது?

இரண்டு அங்குல பிளாஸ்ரிக் குழாயில் காற்றை அடைத்து, பந்து வால்வினால் திறப்பதா, மின்சார வால்வு பூட்டுவதா, இழுத்து ஏவும் விசையை (ரிகரை) எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடசாலைக் கண்காட்சிக்கோ வீட்டுப் பிள்ளைகளுக்கோ செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். வேறு நோக்கம் இருந்தால் என் பதில் உங்களுக்கு உதவாது. நான் விசுவமடுப் பக்கத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிப்பிக்கும் ஆசிரியன். போத்தலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, காற்றடித்துப் பறக்கவிடும் நீர் ரொக்கெட்டுக்கான ஏவிகளை மாணவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன்.

முதலில் அந்தக் குழாயைக் கைவிடுங்கள். கடையில் வாங்கும் பிவிசி குழாய் தண்ணீருக்கென்று செய்யப்பட்டது. காற்றை அடைத்தால், உடையும்போது கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதில் அச்சிட்டிருக்கும் தாங்குதிறன் ஏறத்தாழ 23 பாகை வெப்பத்துக்கு உரியது. குழாய் 43 பாகைக்குச் சூடேறும்போது அது பாதியாகிவிடுகிறது. ஆவணி வெயிலில் வயல்வெளியில் ஒரு மணி நேரம் கிடந்த குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. "நான் பத்து வருடமாகப் பாவிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திவைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் ஆயத்தமில்லை. காற்றைத் தேக்கி வைக்க, வாயு ஏற்றிய மென்பானம் வந்த ஒன்றரை லீற்றர் போத்தலே போதும். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் மெல்லியது, அதை எடுக்க வேண்டாம்.

போத்தலை எடுத்தால் தனி வால்வும் தேவைப்படாது, கழுத்தே வால்வாகிவிடும். போத்தலைத் தலைகீழாக ஏவியில் நிறுத்தி, கழுத்தைப் பிடித்து வைத்திருந்து, வேண்டிய கணத்தில் விடுவதுதான் வேலை. அதில்தான் நான் பிழை விட்டேன்.

முதலாவது ஆண்டில் நாங்கள் றப்பர் அடைப்பானை இறுக்கிச் செருகினோம். அது தன் எண்ணப்படி கழன்றது. ஒரு தடவை சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல் அழுத்தத்தில், இன்னொரு தடவை 50 இறாத்தலில். ஆகவே அடுத்த ஆண்டு கழுத்து வளையத்துக்கு மேலாக நான்கு அங்குல ஆணி ஒன்றைக் குறுக்கே செருகி, அதன் தலையில் கயிறு கட்டி, தூர நின்று இழுப்பதாகத் திட்டமிட்டோம். கொப்பியில் வரைந்தபோது அது அழகாகத்தான் இருந்தது. கழுத்தின் உள்விட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர். சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் காற்றடித்தால், அந்தச் சிறிய வட்டத்தை மேல்நோக்கித் தள்ளும் உந்தல் ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமம். நிரம்பிய தண்ணீர் வாளி ஒன்று அந்த ஆணியில் தொங்குவதாக நினைத்துப் பாருங்கள். ஆணி வளைந்து, அது செருகியிருந்த துளையின் விளிம்பைக் கவ்விக்கொண்டது. கயிற்றை இழுத்த மாணவன், "சேர், ஆணி வருகுதில்லை" என்றான். நான் பம்ப் பக்கத்தில் அளவுமானியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் தலையை நிமிர்த்துவதற்குள் அவன் ஏவிக்கு அருகில் குந்தி, சிறு சுத்தியலால் ஆணியைத் தட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது தட்டில் போத்தல் கிளம்பி, அவனுடைய இடது புருவத்தை உரசிக்கொண்டு போனது. ஐந்து தையல்கள் போட வேண்டியிருந்தது. போத்தல் ஒரு விரற்கடை விலகியிருந்தால் கண் போயிருக்கும். பொறுப்பு என்னுடையது, அதை நான் எவரிலும் சுமத்தவில்லை. ஆனால் அன்றைக்கு விளங்கியதை அதற்கு முன் எந்த விளக்கப்படமும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: பாரத்துக்கு எதிராக இழுக்க வேண்டிய விசை, அழுத்தம் கூடக் கூட இறுகும். விசை தடுப்பை விலக்கினால் போதும், தள்ளிவிடும் வேலையைக் காற்றே செய்யும்.

இப்போது நாங்கள் கேபிள் ரை (வயர்களைக் கட்டும் பிளாஸ்ரிக் நாடா) முறையைப் பாவிக்கிறோம். இது உலகெங்கும் நீர் ரொக்கெட் செய்வோர் பாவிக்கும் முறைதான், நாங்கள் கண்டுபிடித்ததல்ல. போத்தலின் கழுத்துக்குள் நுழையும் குழாயில் ஓ-றிங் எனும் றப்பர் வளையம் ஒன்று காற்றை அடைத்துப் பிடிக்கும். குழாயைச் சுற்றிக் கேபிள் ரைகளை நிமிர்த்தி வைத்து, அடியில் கிளிப் போட்டு இறுக்கினால், அவற்றின் தலைகள் கழுத்து வளையத்தின் மேல் வந்து கொளுவி நிற்கும். அந்தத் தலைகளை வெளியே விரியவிடாமல் அகலமான குழாய்த்துண்டு ஒன்று கழுத்துப் பட்டிபோலச் சுற்றிப் பிடித்திருக்கும். பட்டியைக் கீழே இழுத்ததும் போத்தலின் உந்தலே தலைகளை விரித்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் கயிறு கட்டியபோது பட்டி சரிந்து இறுகிக்கொண்டது. அதைத் தீர்த்தவன் புருவத்தில் தையல் போட்ட அதே மாணவன். பட்டத்துக்கு முச்சை கட்டுவதுபோல, எதிரெதிரான இரண்டு துளைகளிலிருந்து கயிறுகளை எடுத்து, அடிப்பலகையில் இருந்த வளையங்களுக்குள் விட்டு, பின்னால் ஒரே முடிச்சாக்கினான். சிறிதளவு சவர்க்காரமும் பூசினான். அதன் பிறகு பட்டி ஒரு தடவையும் சரியவில்லை.

வால்வைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு முக்கியமான வால்வு காற்றை வெளியே விடுவதுதான். ஐந்து மீற்றர் நீளமான குழாயின் பம்ப் முனையில் ஒரு 'ரீ' மூட்டைப் போட்டு, அதில் சிறிய பந்து வால்வு ஒன்றைப் பூட்டுங்கள். விசை இழுபடாவிட்டால், இடத்தை விட்டு அசையாமல் அந்த வால்வைத் திறந்து காற்றை இறக்கிவிடலாம். ஒருவரும் ஏவிக்குக் கிட்டப் போகத் தேவையில்லை. சைக்கிள் ரியூப்பின் வால்கட்டையைப் பாவிப்பதாக இருந்தால், அளவுமானியை அதற்கு அப்பால், போத்தல் பக்கத்தில் பூட்டுங்கள். வால்கட்டையின் றப்பரைத் தள்ளித் திறப்பதற்கே அழுத்தம் செலவாவதால், பம்பிலுள்ள மானி உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். புதிய போத்தலை முதலில் முழுவதும் தண்ணீரால் நிரப்பி 90 இறாத்தல் வரை அடித்துப் பாருங்கள். தண்ணீர் சுருங்காததால், வெடித்தாலும் நனைவதோடு முடிந்துவிடும். ஏவும்போது 60 இறாத்தலைத் தாண்ட வேண்டாம்.

ஒரு மனத்தாங்கலையும் எழுதிவிடுகிறேன். கண்காட்சிக்கு முதல்நாள், 'ஏவி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நீர் அமுக்க இயக்க மாதிரி' என்று பெயர்ப்பலகையை மாற்றும்படி ஓர் அதிகாரி சொன்னார். நாங்கள் மாற்றினோம். போர் நடந்த எங்கள் ஊரில் சத்தம் கேட்டவுடன் குப்புற விழுந்து படுக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகையால் ஒவ்வொரு ஏவலுக்கு முன்பும் மாணவர்களை வயலைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு அனுப்பி அறிவித்துவிட்டே தொடங்குகிறோம். அந்தப் பயத்தை நாங்கள் மதிக்கிறோம்; பெயரை மாற்றுவதால் அது குறையும் என்று மட்டும் நான் நம்பவில்லை. மறுநாள் நடுவர்கள் மூவரும் எவ்வளவு உயரம் போகும் என்றே கேட்டார்கள். புருவத்தில் தையல் போட்ட அந்தப் பிள்ளை விசையைக் கழற்றாமல், காற்றை இறக்கும் வால்வைத் திறந்து காட்டினான். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

உங்கள் படத்தை வரைந்ததும் இங்கே போடுங்கள். காற்றை இறக்கும் வால்வு எந்த இடத்தில் வருகிறது என்பதையும் குறித்திருந்தால், முச்சைக் கயிற்றின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் நான் கணக்கிட்டுச் சொல்கிறேன்.